லீட் கிட்டாரின் மெய்யும் உயிரும்: சென்னை வீட்டு அறையில் பதிவு முதல் மிக்ஸ் வரை

லீட் கிட்டாரை, அதாவது பாட்டில் முன்னால் நின்று தனி வரி வாசிக்கும் கிட்டாரை, வீட்டில் பதிவு செய்து தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, இரண்டு ரிதம் கிட்டார் எல்லாம் சேர்ந்ததும் எங்கேயோ போய்விடும். ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றினால் காதைக் குத்தும், இறக்கினால் காணாமல் போகும், நடுவில் ஒரு நிலை கிடைக்கவே கிடைக்காது. கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்களுக்கு மிக்ஸுக்கு (எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கலக்கும் வேலைக்கு) வரும் ஃபைல்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இதுதான்.

இதை விளக்க நம் எழுத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிக் (கம்பியைத் தட்டும் சிறு வில்லை) கம்பியில் படும்போது எழும் அந்த ‘டக்’ மெய். அதன் பின் நீளும் சுரம் உயிர். இரண்டும் சேர்ந்தால்தான் சொல். மெய்யெல்லாம் உதிர்ந்து உயிர் மட்டும் மிஞ்சிய பேச்சை எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் புரியாது. கூட்டத்தில் காணாமல் போகும் லீட் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமாகி மெய் கரைந்திருக்கும், அல்லது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கம்ப்ரஸர் அதை நசுக்கியிருக்கும், இல்லாவிட்டால் டிலே என்ற எதிரொலியும் ரிவெர்ப் என்ற அறை முழக்கமும் மூடியிருக்கும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே அந்த மெய்யைக் கடைசி ஃபைல் வரை காப்பாற்றிக் கொண்டுபோவதற்காகத்தான்.

முதலில் கரண்ட்

நம் ஊரில் ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) தேர்ந்தெடுப்பதற்கு முன் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். டிஸ்டார்ஷன் என்பது சிக்னலைப் பல மடங்கு பெருக்கி அதன் தலையை வெட்டும் வேலை. தலை வெட்டுப்படும்போது அடியில் கிடந்த இரைச்சலும் பெருகி மேலே வந்துவிடும். கிளீன் டோனில் காதுக்கே எட்டாத ‘ம்ம்’ லீட் டோனில் தம்புரா மாதிரி நிற்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். லீட் டோனைப் போட்டு, கிட்டார் வால்யூமை முழுக்கத் திறந்து, எதையும் வாசிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவாகத் திரும்புங்கள். திசை மாறும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), அறையில் உள்ள காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பின் இயல்பே அது. அடாப்டர், யுபிஎஸ், ஸ்டெபிலைசர் ஆகியவற்றிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, இரைச்சல் மிகக் குறையும் திசையைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா டேக்கையும் (ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவதும் ஒரு டேக்) அதே இடத்தில், அதே திசையில் வாசியுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், கிட்டாரின் உள்ளே ஷீல்டிங் போதவில்லை. பிக்கப் குழியில் செப்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்தால் பெரும்பகுதி போய்விடும். திரும்பினாலும் தொட்டாலும் மாறாத இரைச்சல் என்றால், லேப்டாப், இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஸ்பீக்கர், ஆம்ப் இவற்றுக்கு நடுவே எர்த் வளையம் உருவாகியிருக்கிறது, அதாவது எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் சேர்ந்து சுற்றாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இந்த இரண்டோடு முடிந்துவிடும்.

அடுத்து ஃபேன். குமிழைத் திருப்பத் திருப்ப வேகம் சீராக மாறும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின் அலையை நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ‘ஜ்ர்ர்’ என்று பிக்கப்பில் ஏறும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ அடங்கும். டக் டக்கென்று படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விலையும் சில நூறு ரூபாய்தான். பழைய சோக் வைத்த டியூப் லைட், மலிவான எல்இடி பல்பு இரண்டையும் ஒரு முறை அணைத்துப் பார்த்துவிடுங்கள். கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும்போது, அது சைன் வேவ் வகையாக இல்லாவிட்டால், அந்த நேரத்தில் லீட் பதிவு செய்யவே வேண்டாம். பின்னால் துடைத்தாலும் போகாத இரைச்சல் அது.

எர்த் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. கம்பியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் வாசிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவே, பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். இரண்டும் 230 வோல்ட்டை ஒட்டி ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த அளவையும் பழக்கமில்லாதவர்கள் அவரிடமே விட்டுவிடுவது நல்லது. பழைய அடுக்குமாடிகளில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோவது சகஜம். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்காததால் மே மாதத்தில் மட்டும் இரைச்சல் கூடும் கட்டடங்கள் உண்டு. ஹம்மைக் குறைப்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுவது உயிருக்கே ஆபத்து. வளையத்தை உடைக்க வேண்டுமானால் சிக்னல் பாதையில் உடையுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸில் (கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராகப் பதிவுக்கு இணைக்கும் பெட்டியில்) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருப்பதே அதற்காகத்தான். மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாக வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று அந்த அறையின் லைனில் இருந்தால் மனநிம்மதி.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் படியுங்கள். 120 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் ஃப்யூஸோடு நிற்காது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்பின் பின்னால் போட்டிருக்கும் வாட் அளவைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்ஃபார்மராக வாங்குங்கள்.

கம்பி, கழுத்து, கடல் காற்று

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கம்பிகளுக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சாதாரண நிக்கல் கம்பி ஒன்றிரண்டு வாரத்தில் மங்கிவிடும். மங்கிய கம்பியில் முதலில் போவது மெய்தான். உயிர் இன்னும் நீளும், ஆனால் தட்டலின் கூர்மை இருக்காது. அதை ஈக்யூவில் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவியில்) திரும்பக் கொண்டுவர முடியாது, 3 கிலோஹெர்ட்ஸை ஏற்ற ஏற்ற உரசல்தான் ஏறும். லீட் பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி போட்டு, ஒவ்வொன்றையும் கையால் இழுத்து நீட்டி, மூன்று நான்கு முறை ஸ்ருதி சேர்த்து வையுங்கள். அன்று காலையில் போட்ட கம்பி டேக் நடுவே இறங்கிக்கொண்டே இருக்கும்.

வெயிலில் வண்டியில் வந்த கிட்டாரை ஏசி அறையில் திறந்த கையோடு ஸ்ருதி சேர்ப்பது வீண் வேலை. பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் அறைச் சூட்டுக்குப் பழக விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துக் கழுத்து சற்றே வளையும், கம்பி உயரும். முதல் ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) கழுத்து முடியும் ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் பார்த்தால், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி போதும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் உள்ள ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, சற்று நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்ப வேண்டாம்.

பென்ட் செய்துவிட்டு (கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றிவிட்டு) திரும்பும்போது சுரம் இறங்கி நின்றால், நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. இழுபட்ட கம்பி பள்ளத்தைத் தாண்டித் திரும்பிப் போகாததால் தளர்ந்து நிற்கிறது. ட்ரெமோலோ கைப்பிடியை அழுத்திவிட்டு எடுத்த பிறகு ஏறி நின்றாலும் குற்றவாளி அதே பள்ளம்தான். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். இது சிறிய வேலை, ஆனால் ஒரு மாலை முழுக்க ரீடேக் எடுப்பதை மிச்சப்படுத்தும்.

ஸ்ருதி 440 என்று ட்யூனரில் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பாடகர் ஐந்தரைக் கட்டையில் தம்புராவைக் காதால் சேர்த்துப் பாடிய ட்ராக் என்றால், அது ஜி ஷார்ப்புக்குச் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) மேலோ கீழோ இருக்கலாம். நாதஸ்வரம் முன்பே பதிவான பாட்டிலும் அப்படித்தான். அந்த ட்ராக்கின் ஆதார ஷட்ஜத்தை ட்யூனரில் அளந்து, கிட்டாரை அதற்குச் சேர்த்துவிடுங்கள்.

கேபிளும் லெவலும்

எந்த வழியில் பதிவு செய்தாலும், ஆம்ப் இல்லாத வெறும் டிஐ சிக்னல் ஒன்று தனி ட்ராக்கில் இருக்கட்டும். பேட்டரி இல்லாத பேசிவ் பிக்கப்பை இன்டர்ஃபேஸின் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை இசட்’ உள்ளீட்டில்தான் சொருக வேண்டும். அதன் எதிர்ப்பு 1 மெகா ஓம் அளவில் இருக்கும். அதே கிட்டாரை லைன் உள்ளீட்டில் சொருகினால் சில பத்து கிலோ ஓமுக்குள் பிக்கப் திணறும், மேல் அலைவரிசைகள் மடியும், டோன் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். கேபிளும் டோனின் ஒரு பகுதிதான். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் அளவில் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். 3 மீட்டர் கேபிளுக்குப் பதில் 6 மீட்டர் போட்டால் பிக்கப்பின் பளபளப்பு கீழே இறங்குவது காதுக்குத் தெரியும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல ஷீல்டட் வயரும் உலோக ஜாக்கும் வாங்கி மூன்று மீட்டரில் நீங்களே சால்டர் செய்துகொள்ளலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். சினிமா வேலைக்கு அதுதான் கேட்பார்கள். இருப்பதிலேயே பலமாக அடிக்கும் இடத்தில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பு விளக்கு வரை ஏற்ற வேண்டியதில்லை. 24 பிட்டில் அடி இரைச்சல் அவ்வளவு கீழே இருக்கிறது. டிஐ இங்கேயே வெட்டுப்பட்டால் அந்த ‘க்ரிச்’ எந்த ஆம்ப் சிமுலேட்டர் (ஆம்பைப் போல ஒலிக்க வைக்கும் மென்பொருள்) போட்டாலும் உள்ளேயே இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. சிமுலேட்டர் உள்ளே வரும் லெவலைப் பார்த்துத்தான் டிஸ்டார்ஷன் கொடுக்கிறது. 6 டெசிபல் கூடுதலாகப் போனால் அதே பிரீசெட் வேறு ஆம்பாகவே கேட்கும். பிரீசெட் செய்தவருக்கும் உங்களுக்கும் ஒலி ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாசித்த ஒலி கணினி வழியாகக் காதுக்குத் திரும்பும் தாமதம் பற்றி ஒரு வார்த்தை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட். போய் வர இரட்டிப்பு, அதற்கு மேல் கன்வெர்ட்டரும் டிரைவரும் எடுத்துக்கொள்வது. மொத்தம் 10 மில்லி செகண்டுக்குள் இருந்தால் கைக்கு ஒட்டும். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது என்பதால், 10 மில்லி செகண்ட் என்பது ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதுபோல. அதற்கு மேல் போனால் வாசிப்பவர் தன்னை அறியாமல் தாளத்தை முந்தத் தொடங்குவார்.

கெயின்: இங்கேதான் மெய் சாகிறது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். லீட் வாசிக்கும்போது கெயின் ஏற ஏறச் சுகம். கம்பி எளிதாகப் பாடும், சுரம் நிற்கும், விரலின் பிசிறு மறையும். ஆனால் பிசிறோடு சேர்ந்து தட்டலும் மறைகிறது. டிஸ்டார்ஷன் தன்னளவிலேயே ஒரு கடுமையான கம்ப்ரஸர். தட்டலின் உச்சத்தையும் பின்னால் வரும் சுரத்தையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுகிறது. வேவ்ஃபார்மைப் பார்த்தாலே தெரியும். நல்ல லீட்டில் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு சிறு மேடு இருக்கும். கெயின் அதிகமான லீட் செங்கல் அடுக்கியது மாதிரி இருக்கும்.

உங்களுக்குப் பிடித்த அளவில் கெயினை வைத்து ஒரு வரி வாசியுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அதே வரியைச் சற்று அழுத்தி வாசியுங்கள். இரண்டையும் பாட்டோடு சேர்த்து, ஒரே சத்தத்துக்குச் சமன்செய்து கேளுங்கள். தனியாகக் கேட்டபோது ஏழையாகத் தெரிந்த இரண்டாவதுதான் பாட்டுக்குள் பேசும். குறைந்த கெயினில் சுரம் நிற்கவில்லை என்றால் மிட்டை ஏற்றுங்கள், கெயினைத் தொட வேண்டாம். ஆம்பின் முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடலை வைத்து, அதன் டிரைவைக் கீழேயும் லெவலை மேலேயும் வைப்பது பழைய தந்திரம். அது அடிப் பகுதியைச் சுருக்கி நடு அலைவரிசையைத் தள்ளிக்கொடுக்கும். தட்டல் இறுகும், குழைவு போகும்.

பிக்கும் இங்கே சேர்த்தி. மெல்லிய பிக் வளைந்து தட்டலைச் சொத்தையாக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான, முனை கூரான பிக்கில் ‘த’ என்று வரும் எழுத்து, 0.6 மில்லிமீட்டர் பிக்கில் ‘ஸ்த’ என்றுதான் வரும். நகம் பட்டு எழும் கீச்சையும் கவனியுங்கள். அதிக கெயினில் அது பெரிதாகத் தெரியும்.

வாசிக்காத கம்பிகள் தாமாக அதிர்வது கெயின் டோனில் சேறு மாதிரி அடியில் நிற்கும். நட்டுக்கு அருகே தலைமுடி கட்டும் துணி ரப்பர் ஒன்றைச் சுற்றிவிட்டால், திறந்த கம்பி தேவைப்படாத வரிகளில் எல்லாம் சுத்தமாகிவிடும். சத்தம் குறைந்ததும் ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட்டை ஆம்புக்குப் பின்னால் போடுவதை நான் விரும்புவதில்லை. சுரம் அடங்கும் வாலை அது வெட்டிவிடும், அந்த வால்தான் மூச்சு. சொற்றொடர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைக் கையால் வெட்டி, சிறு ஃபேட் கொடுப்பது பத்து நிமிட வேலை.

மைக் வைப்பதா, சிமுலேட்டரா

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆம்பை உரிய சத்தத்தில் திறக்க முடியாது என்பதால் பலருக்கு சிமுலேட்டர்தான் வழி. அதில் குறைவொன்றும் இல்லை. இலவசமாகவே கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலரில் நல்ல கேப்ச்சரும் (ஒரு நிஜ ஆம்பின் ஒலியைப் பிடித்த ஃபைல்), பொருத்தமான கேபினெட் ஐஆரும் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்த ஃபைல்) போட்டால் பாட்டுக்குள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, கேபினெட் இல்லாமல் விட்டுவிடுவது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கும் தன்மை உடையது. அது இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் தகரம் கிழிவது மாதிரி கேட்கும். மற்றது, கேபினெட்டோடு சேர்த்து எடுத்த கேப்ச்சருக்கு மேல் இன்னொரு ஐஆரைப் போடுவது. அப்போது டோன் தலையணைக்குள் போய்விடும். டோன் பிடிக்கவில்லை என்றால் ஆம்பின் குமிழ்களைத் திருகுவதற்கு முன் ஐஆரை மாற்றிப் பாருங்கள். அதில் வரும் மாற்றம் பல மடங்கு.

நிஜ ஆம்புக்கு ஷூர் எஸ்எம்57 போதும். 1965இல் வந்த மைக், இன்றும் கிட்டார் கேபினெட் முன்னால் முதலில் நீட்டப்படுவது அதுதான். துணியிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், ஸ்பீக்கரின் நடுமூடியும் கூம்பும் சேரும் விளிம்பை நோக்கி வைத்துத் தொடங்குங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை ஏறும், வெளியே நகர்த்தினால் இருளும். அரை அங்குலம் நகர்த்துவது ஈக்யூவில் பெரிய திருப்பத்துக்குச் சமம் என்பதால், நல்ல இடம் கிடைத்ததும் டேப்பால் குறித்துவையுங்கள். இரண்டு மைக் வைத்தால் தூரம் சமமாக இருக்க வேண்டும். 17 சென்டிமீட்டர் வித்தியாசம் அரை மில்லி செகண்ட் ஆகிறது. அதில் 1 கிலோஹெர்ட்ஸும் அதன் 3, 5 மடங்குகளும் ஒன்றையொன்று அழிக்கும், அதாவது லீட் பேசும் இடமே காலியாகும். ஒரு மைக்கின் ஃபேஸை (ஒலி அலையின் மேல் கீழை) திருப்பும்போது ஒலி மிக மெலிந்தால், திருப்பாத நிலை சரியாக இருக்கிறது என்று பொருள்.

வால்வு ஆம்பை ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாகச் சுமை தாங்கும் லோட் பாக்ஸோ இணைக்காமல் ஒரு நொடிகூட வாசிக்க வேண்டாம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியும். இணைக்கும் லோடின் ஓம் அளவும் ஆம்பில் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும்.

டேக்கும் கமகமும்

ஒரே வரியை நான்கைந்து முறை முழுதாக வாசித்துத் தேர்ந்தெடுப்பது, சுரம் சுரமாக ஒட்டுவதைவிட எப்போதும் உயிரோட்டமாக இருக்கும். ஒட்டத்தான் வேண்டும் என்றால், புதுத் தட்டல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வெட்டி, 2 முதல் 5 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழும் இணைப்பு) கொடுங்கள். தட்டலே ஒட்டை மறைத்துவிடும். பென்டின் நடுவிலோ வைப்ராட்டோவிலோ வெட்டினால் எந்த ஃபேடும் காப்பாற்றாது. பஞ்ச் இன் செய்யும்போது (பதிவின் நடுவில் நுழைந்து திருத்தும்போது) இரண்டு பார் (தாளச் சுற்று) முன்னாலிருந்தே சேர்ந்து வாசித்து வாருங்கள். சட்டென்று தொடங்கினால் கை கனமாக இருக்கும், ஒட்டு தெரியும்.

கமகம் வாசிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் நிற்கும் என்பதைக் கிட்டார் பிரசன்னா கச்சேரி மேடையிலேயே காட்டிவிட்டார். வீணையில் ஃப்ரெட் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து எடுக்கும் சுரம்தான் இங்கே பென்ட். ஜாரு என்றால் ஒரே கம்பியில் சறுக்கல். 9 முதல் 42 வரையான கம்பி செட் இதற்கு இசைவு. மிதக்கும் ட்ரெமோலோ உள்ள கிட்டாரில், ஒரு கம்பியை இழுக்கும்போது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலம் முன்னால் சாய்ந்து மற்றக் கம்பிகள் எல்லாம் இறங்கும். ஷட்ஜத்தைத் திறந்த கம்பியில் வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு அது பெரிய கொடுமை. பின்பக்கம் மரத்துண்டு ஒன்றை அடைப்பாக வைத்தோ, ஸ்பிரிங்கை இறுக்கியோ பாலத்தை அசையாமல் நிறுத்திவிடுங்கள்.

சுரத்தைத் தானாகத் திருத்தும் பிட்ச் கரெக்ஷனைக் கமகத்தின் மேல் போடாதீர்கள். அது ஒவ்வொரு அசைவையும் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து உட்கார வைக்கும், தோடியின் காந்தாரம் படிக்கட்டாகிவிடும். பென்ட் எட்ட வேண்டிய இடத்தை எட்டவில்லை என்றால், அந்தச் சுரத்தை முதலில் ஃப்ரெட்டில் வாசித்துக் காதில் ஏற்றிக்கொண்டு, பிறகு இழுத்து மறுபடி பதிவு செய்யுங்கள்.

மிக்ஸ்

ஒரு ட்ராக்கை மட்டும் கேட்க வைக்கும் சோலோ பட்டனை அழுத்திக்கொண்டு ஈக்யூ செய்யாதீர்கள். பாட்டு ஓடட்டும். லீட்டுக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தேவையில்லை. டி கம்பியைத் திறந்து அடித்தாலே 147 ஹெர்ட்ஸ்தான். மேலே 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி லோ பாஸ் (அதற்கு மேல் உள்ளதை வெட்டும் வடிகட்டி) வைத்தால் நுரை மாதிரிப் பொங்கும் சத்தம் போகும். 300, 400 ஹெர்ட்ஸில் பெட்டிக்குள் பேசுவதுபோல் இருந்தால் இரண்டு டெசிபல் இறக்குங்கள். காது வலிப்பது பெரும்பாலும் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். ஆனால் மெய்யும் அங்கேதான் குடியிருக்கிறது. அதனால் அங்கே அகலமாக வெட்டாமல், சில சுரங்களில் மட்டும் விசில் அடிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்துக் குறுகலாக வெட்டுங்கள். தேவைப்படும் நேரத்தில் மட்டும் வெட்டும் டைனமிக் ஈக்யூ இருந்தால் அதுவே மேல்.

லீட்டை ஏற்றுவதைவிட மற்றதை விலக்குவது நல்லது. லீட் வரும் பார்களில் மட்டும் ரிதம் கிட்டார், கீபோர்டு பேட், வயலின் குழு இவற்றில் 1 முதல் 2.5 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு டெசிபல் இறக்கி ஆட்டோமேட் செய்யுங்கள். ரிதம் கிட்டார்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கட்டும். நடுவில் பாடகர் விட்டுச்சென்ற நாற்காலி காலியாக இருக்கிறது, லீட் அங்கே உட்காரட்டும். தவில், பறை உள்ள பாட்டில் அவற்றின் கூரான அடியும் லீட்டின் தட்டலும் மோதும். தாளக் கருவிகளைச் சற்றே பக்கவாட்டில் தள்ளினால் இரண்டும் பிழைக்கும்.

டிஸ்டார்ஷன் லீட்டுக்குக் கம்ப்ரஸர் பெரும்பாலும் வேண்டாம். கிளீன் அல்லது லேசான கிரஞ்ச் என்றால் விகிதம் 3க்கு 1, அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) 20 மில்லி செகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 100, குறைப்பு 3 முதல் 5 டெசிபல். அட்டாக்கை ஒரு மில்லி செகண்டில் வைத்தால் தட்டல் வெளியே வருவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடும்.

டிலேயின் கணக்கு எளிது. 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு அடியின் மில்லி செகண்ட் வரும். டெம்போ 90 என்றால் 667, டாட்டெட் எட்டாவதுக்கு (அடியின் முக்கால் பங்கு) 500. ஆனால் நம் பாட்டுகளில் திஸ்ர நடை ஏராளம். அடியை மூன்றாகப் பிரிக்கும் பாட்டில் டாட்டெட் எட்டாவது டிலே போட்டால் எதிரொலி தாளத்தைக் குத்திக்கொண்டே இருக்கும். அங்கே அடியின் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ வையுங்கள். டெம்போ 100 என்றால் அடி 600, டிலே 200 அல்லது 400. எதிரொலிக்கு 250 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழ் உள்ளதை வெட்டும் வடிகட்டி), 4 கிலோஹெர்ட்ஸில் லோ பாஸ் போட்டால் அதன் தட்டல் மழுங்கும், அசல் தட்டல் மட்டும் முன்னால் நிற்கும்.

ரிவெர்ப் பிளேட் வகை, ஒன்றரை நொடி, ப்ரீ டிலே (முழக்கம் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 மில்லி செகண்ட். கமகம் உள்ள வரிகளில் இதையும் பாதியாக்குங்கள். நீண்ட ரிவெர்பில் கடந்துபோன அனுசுரமும் (தொட்டுச் செல்லும் சிறு சுரம்) நிற்கும் சுரமும் ஒன்றாகத் தொங்கி அபசுரம்போலக் கேட்கும். டிலேயையும் ரிவெர்பையும் லீட்டின் சிக்னலைக் கொண்டு தானாக இறங்கும்படி செய்தால் (இதை டக்கிங் என்பார்கள்), வாசிக்கும்போது அடங்கி, வரி முடிந்ததும் மலரும்.

கடைசியில் ஆட்டோமேஷன். ஒவ்வொரு வரியின் முதல் சுரத்தையும் ஒரு டெசிபல் ஏற்றுங்கள். மங்கி முடியும் சுரத்தை இரண்டு டெசிபல் தாங்குங்கள். பாடகர் திரும்பி வரும் அடிக்கு முன்பே லீட் இறங்கத் தொடங்க வேண்டும். பிறகு ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸும் கிக்கும் அதில் வராது, நடு அலைவரிசைதான் வரும். அதிலேயே லீட் மறைந்தால் மிட் போதவில்லை. அதில் மட்டும் துருத்தினால் 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதிகம்.

வேறு ஒருவர் மிக்ஸ் செய்யப்போகிறார் என்றால் டிஐ, ஆம்ப் டோன், டிலே, ரிவெர்ப் நான்கையும் தனித்தனி ஃபைலாக, பாட்டின் பூஜ்யத்திலிருந்து தொடங்கி அனுப்புங்கள். டிஐயும் ஆம்பும் மோனோ, மற்றது ஸ்டீரியோ. ஃபைல் பெயரில் பாட்டு, டெம்போ, ஸ்ருதி, டேக் எண். தொடக்கத்தில் வாசிக்காமல் விட்ட இரண்டு பார் இரைச்சலையும் வெட்டாமல் விடுங்கள். சுத்தம் செய்யும் பிளகின், எது இரைச்சல் என்று கற்றுக்கொள்வது அதிலிருந்துதான்.